பேப்பர் கப்பும் குடலும்: சட்டம் என்ன சொல்கிறது?

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரிகள் நிற்கும் டீக்கடைகளில் பேப்பர் கப்பும், சூடான டீ கட்டித் தரும் பார்சல் கவரும் சர்வசாதாரணம். காகிதம்தானே என்று நாம் நம்பும் அந்தக் கப்பின் உட்புறத்தில், டீ ஊறாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி வெந்நீரை 15 நிமிடம் அதில் வைத்திருந்தால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் நீரில் கலக்கின்றன என்று காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தார்கள்.

விழுங்கிய துகள்கள் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும் என்பது உண்மையே. 150 மைக்ரானுக்குப் பெரியவற்றை உடல் உறிஞ்சுவது அரிது என்று உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் சொன்னது. ஆனால், மிக நுண்ணிய துகள்களைக் கொடுத்துப் பார்த்த எலிச் சோதனைகளில் குடலைக் காக்கும் சளிப்படலம் மெலிந்தது. நல்ல பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்தது. 2022-இல் வெளியான சீன ஆய்வு ஒன்று, ஆரோக்கியமானவர்களின் மலத்தில் கிராமுக்கு 28 துகள்களும், குடல் அழற்சி நோயாளிகளின் மலத்தில் 41.8 துகள்களும் இருந்ததாகக் கணக்கிட்டது. துகளால் நோய் வந்ததா, நோயுற்ற குடலில் துகள் தங்கியதா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அது தெரியும்வரை காத்திருக்கலாமே என்பார்கள். உப்பிலும் நீரிலும் உள்ள துகள்களைத் தவிர்ப்பது நம் கையில் இல்லை; கொதிக்கும் டீயைப் பிளாஸ்டிக்கில் ஊற்றாமலிருப்பது நம் கையில் இருக்கிறது. கழுவாத டம்ளரைவிடக் கப் சுத்தம் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. அதற்கான தீர்வு, டம்ளரைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவுவதுதான்.

உணவில் இத்தனை துகளுக்கு மேல் இருந்தால் குற்றம் என்ற வரம்பு இந்தியாவில் இல்லை. துகள்களை அளக்கும் முறைகளை வகுக்கும் திட்டத்தையே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல்தான் தொடங்கியது. எனவே, 'டீயில் பிளாஸ்டிக்' என்ற புகார் நிற்பது கடினம். 'தடை செய்த கப்' என்ற புகார் நிற்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. பிழைப்பு போகிறது என்று கப் உற்பத்தியாளர்கள் வழக்காடியும், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அலுவலகங்களிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் புகார் தரலாம். சில்லறைக் கடைக்காரருக்கு அபராதம் போடுவதோடு நில்லாமல், கப் வரும் மொத்தக் குடோனிலும் சோதனை நடத்தக் கேளுங்கள். பார்சலுக்குத் தூக்குவாளி கொண்டுபோங்கள். கடையில் குடிப்பதானால் டம்ளரில் கேளுங்கள்.