பதநீரில் விளையும் பனங்கற்கண்டு

மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பகுதிகளில் வயல் வரப்புகளிலும் மணற்பாங்கான நிலங்களிலும் பனை மரங்களைக் காணலாம். நுங்கும் ஓலையும் தவிர அவற்றிலிருந்து வேறு வருமானம் எடுப்போர் குறைவு. செங்கல் சூளைக்கு விறகாகப் போன மரங்களும் உண்டு.

ஆலை மிட்டாய்கள் பெட்டிக்கடைக்கு வருவதற்கு முன், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பனை மிகுந்த ஊர்களில் இனிப்பு என்றால் கருப்பட்டியும் பனங்கற்கண்டும்தான். சுக்கு, மிளகு, ஏலம் சேர்த்த சில்லுக் கருப்பட்டி இன்றும் தென் மாவட்டங்களில் விற்பனையாகிறது. 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தபோது, கள் இறக்கியவர்களுக்கு மாற்றுத் தொழிலாகப் பனைவெல்லம் காய்ச்சுவது ஊக்குவிக்கப்பட்டது.

கற்கண்டின் தரம் மரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆண் பனை, பெண் பனை இரண்டின் பாளையிலும் பதநீர் இறங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். புளித்த பதநீரில் சர்க்கரை சிதைந்து போவதால் கற்கண்டு கட்டாது. சுண்ணாம்பு மிகுந்தாலோ நிறம் கறுத்து, கரகரப்பான சுவை வரும். இறக்கிய பதநீரை வடிகட்டி, தாமதமின்றி அடுப்பில் ஏற்ற வேண்டும்.

கருப்பட்டிக்குப் பாகு இறுகும் வரை காய்ச்சுவார்கள். கற்கண்டுக்கு அதற்கு முன்பே, கம்பிப் பதத்தில் இறக்கிவிட வேண்டும். ஆறவைத்த பாகை, உள்ளே நூல் கட்டிய பானைகளில் ஊற்றி, ஆடாமல் அசையாமல் சுமார் 40 நாள் வைத்திருப்பார்கள். சிலர் பானையை மண்ணில் புதைப்பதும் உண்டு. அவசரப்பட்டு இடையில் கிளறிப் பார்த்தால் படிகம் பொடிந்துவிடும். பிறகு பாகை வடித்து, நூலிலும் பானைச் சுவரிலும் படிந்த கற்கண்டை அலசி உலர்த்துவார்கள்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் தேவை. பாகு முழுவதும் படிகமாவதில்லை என்பதால் கற்கண்டுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். விறகுச் செலவும் மரமேறும் கூலியும் சேர்ந்தால் விலை ஏறத்தான் செய்யும். வெள்ளைச் சர்க்கரை கலந்த சரக்கு மலிவாகக் கிடைப்பதன் ரகசியமும் இதுதான். அசல் கற்கண்டு பழுப்பு நிறத்தில், ஒழுங்கற்ற வடிவில், கருப்பட்டி வாசனையுடன் இருக்கும். கண்ணாடி போல் பளபளக்கும் ஒரே அளவுக் கட்டிகளைச் சந்தேகிக்கலாம். பாலில் மிளகுடன் போட்டுக் குடிப்போருக்கு இந்த வேறுபாடு நாக்கிலேயே தெரியும்.

பனங்கொட்டை நட்டுப் பலன் காண ஏறக்குறைய 15 ஆண்டு ஆகும். 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என அறிவிக்கப்பட்டது. வரப்பில் நிற்கும் மரத்தை விறகுக்கு விலை பேசுமுன், அதில் ஒரு பருவத்துக்கு எவ்வளவு பதநீர் இறங்கும் என்று பனையேறியிடம் கேட்டு விடுவது நல்லது.