தண்ணீரில் வண்டி ஓடுமா? ஒரு எரிபொருள் கணக்கு

எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. பழைய பிரிண்டர் மோட்டாரை எடுத்து குட்டிக் காற்றாலை செய்வார்கள். தூக்கிப் போட்ட லேப்டாப் பேட்டரியைப் பிரித்து டார்ச் லைட் செய்வார்கள். இவர்கள் என்றாவது ஒருநாள் வந்து நிற்கும் இடம் மாற்று எரிபொருள். எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு என்பதால், இதைக் கிண்டல் பண்ண இந்தக் கட்டுரையை எழுதவில்லை. எந்த யோசனையில் நேரத்தையும் காசையும் போடலாம், எதில் போடக்கூடாது என்று வீட்டிலேயே உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குப் பள்ளிக்கூட வேதியியலும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

ஒரே ஒரு கேள்விதான். இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது?

தண்ணீர் ஜாடி

யூடியூபில் இதை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ஒரு ஜாடி, உள்ளே ஸ்டீல் தகடுகள், தண்ணீரில் கொஞ்சம் காஸ்டிக். பேட்டரியை இணைத்ததும் குமிழ் குமிழாக வாயு வருகிறது. அந்தக் குழாயை என்ஜினுக்குக் காற்று போகும் வழியில் சொருகினால் மைலேஜ் எகிறும் என்கிறார்கள். வாயு வருவது உண்மை. அது எரிவதும் உண்மை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு அது.

ஆனால் தண்ணீர் எரிபொருள் அல்ல. ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் சாம்பல் என்று அதைச் சொல்லலாம். அடுப்புச் சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டுமென்றால், எரிந்தபோது வெளியே போன ஆற்றல் முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 1 லிட்டர் தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தபட்சம் சுமார் 4.4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். பிரித்ததை எரித்தால் அதிகபட்சம் அதே 4.4 யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். இது எந்தக் குறையும் இல்லாத கருவிக்கு. நம் கையில் இருப்பது அப்படிப்பட்ட கருவி இல்லையே.

வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 100 ரூபாய் மதிப்புள்ள ஹைட்ரஜனை என்ஜினில் எரிக்கிறீர்கள். பெட்ரோல் என்ஜின் அதில் ஏறக்குறைய 25 ரூபாயைத்தான் சுழற்சியாக மாற்றும். மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகப் போய்விடும். அந்த 25-ல் ஆல்டர்னேட்டர் மின்சாரமாக்குவது 15. அந்த 15-ல் உங்கள் ஜாடி வாயுவாக மாற்றுவது 9. ஆக, 100 போட்டு 9 எடுக்கிறோம். இந்தச் சீட்டில் யாராவது சேருவார்களா?

வாட்ஸ் கணக்கிலும் பார்த்துவிடலாம். கிட் விற்பவர்கள் சொல்வது வழக்கமாக நிமிடத்துக்கு 1 லிட்டர் வாயு. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். 12 வோல்ட் கார் பேட்டரியில் ஆறு அறைகளை வரிசையாக இணைத்து 15 ஆம்ப் செலுத்தினால் இந்த அளவு வாயு வரும். ஒரு மணி நேரத்தில் சேரும் ஹைட்ரஜனின் எடை சுமார் 3.4 கிராம். ஆற்றல் கணக்கில் அது 12, 13 மில்லி பெட்ரோலுக்குச் சமம். காபி டம்ளரின் அடி நனையும், அவ்வளவுதான். அந்த மின்சாரத்தைத் தயாரிக்க என்ஜின் கூடுதலாகக் குடிக்கும் பெட்ரோல் சுமார் 150 மில்லி.

"எனக்கு நிஜமாவே மைலேஜ் கூடுச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. கிட் மாட்டிய அன்று ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்திருப்பார்கள், டயரில் காற்று பார்த்திருப்பார்கள், மைலேஜ் பார்க்கிறோம் என்ற நினைப்பிலேயே பூப்போல ஓட்டியிருப்பார்கள். இந்த மூன்றுமே மைலேஜைக் கூட்டும். பெயர் மட்டும் ஜாடிக்குப் போய்விடுகிறது.

அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் ஓடும் வண்டியைச் செய்துவிட்டதாகச் சொல்லி முதலீடு வாங்கினார். பணம் போட்ட இருவர் வழக்குப் போட்டார்கள். 1996-ல் ஒஹையோ நீதிமன்றம் அதை அப்பட்டமான மோசடி என்று சொல்லி, 25,000 டாலரைத் திருப்பித் தர உத்தரவிட்டது. அவர் பெயரைச் சொல்லி இன்றும் வீடியோக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மூலிகை இலை

அதே 1996-ல் தமிழ்நாட்டில் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் பரபரப்பாகப் பேசப்பட்டது. கொஞ்சம் மூலிகையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் பெட்ரோல் வரும் என்றார். நாடே நம்ப ஆசைப்பட்டது. ராஜபாளையம் பக்கத்தில் ஒரு சாதாரண மனிதர் உலகத்தையே மாற்றப்போகிறார் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? பின்னர் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. மூலிகை எரிபொருள் என்ற பெயரில் விற்கப்பட்டது டோலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலிய ரசாயனங்களின் கலவை என்பது வழக்கு. 2016-ல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

இருபது வருடம் காத்திருக்காமல் அன்றைக்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம். 1 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதில் ஏறக்குறைய 85 சதவீதம், அதாவது 630 கிராம், கார்பன். தண்ணீரில் கார்பன் கிடையாது. ஆகவே அத்தனையும் இலையிலிருந்துதான் வந்தாக வேண்டும். காய்ந்த இலையில் கார்பன் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு துளி கார்பன்கூட வீணாகாமல் பெட்ரோலாக மாறினாலும் லிட்டருக்கு 1.4 கிலோ காய்ந்த இலை வேண்டும். பச்சை இலை என்றால் அதைப்போலப் பல மடங்கு. ஒரு கைப்பிடி இலையில் லிட்டர் கணக்கில் பெட்ரோல் வருகிறதென்றால், கார்பன் வேறு எங்கிருந்தோ பாத்திரத்துக்குள் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மந்திரக்கோலைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய அவசியமே இல்லை. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் தராசில் வைத்தாலே போதும்.

கரியில் ஓடிய பஸ்

இதே கேள்வியைக் கேட்டால் பாஸ் ஆகும் சரக்கும் உண்டு. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது நம் ஊர்களில் பஸ்கள் கரியில் ஓடின. பின்பக்கம் ஒரு உருளை அடுப்பு இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் கைப்பிடியைச் சுற்றி ஊதி ஊதிக் கரியைக் கனலவைப்பார்கள். தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜெர்மனியில் மட்டும் அப்போது ஏறக்குறைய 5 லட்சம் வண்டிகள் விறகு, கரி வாயுவில் ஓடின. அங்கே பரவலாக இருந்தது பிரான்சின் ஜார்ஜ் இம்பெர்ட் 1920-களில் உருவாக்கிய அடுப்பு வகை.

வேலை செய்யும் விதம் எளிது. கரியை முழுசாக எரியவிடாமல் காற்றைக் குறைத்துக் கொடுக்கிறோம். முதலில் கார்பன்-டை-ஆக்சைடு உண்டாகும். அது தகதகவென்று கனலும் கரி அடுக்கு வழியாகப் போகும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். கொஞ்சம் ஈரம் இருந்தால் ஹைட்ரஜனும் சேரும். இரண்டும் எரியும் வாயுக்கள். குளிரவைத்து வடிகட்டி என்ஜினுக்கு அனுப்பினால் ஓடும்.

ஆற்றல் எங்கிருந்து வந்தது? மரத்திலிருந்து. மரத்துக்கு வெயிலிலிருந்து. கணக்கு நேர். ஆனால் செலவும் நேராகவே தெரியும். 1 லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு இரண்டரை, மூன்று கிலோ விறகு வேண்டும். வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன் என்பதால் என்ஜினின் சக்தி மூன்றில் ஒரு பங்காவது குறைந்துவிடும். மேடு வந்தால் பஸ் திணறும். சாம்பல் அள்ள வேண்டும், தார் துடைக்க வேண்டும். அதனால்தான் பெட்ரோல் திரும்ப வந்ததும் அடுப்பைக் கழற்றிப் போட்டார்கள். எந்த எண்ணெய் கம்பெனியும் சதி செய்து அதை மறைக்கவில்லை. 1989-ல் அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பே, எண்ணெய் தட்டுப்பாடு வந்தால் இந்த அடுப்பை எப்படிச் செய்வது என்று படம் போட்டு ஒரு கையேடு வெளியிட்டது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம், மயக்கம், மரணம் என்று வரிசையாகப் போகும். திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள். ஷெட்டுக்குள் கதவைத் திறந்துவைத்துச் செய்வது திறந்த வெளி ஆகாது.

யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்

என்னைக் கேட்டால், தமிழர்களின் எரிபொருள் வித்தைகளில் மரியாதைக்குரியது யாழ்ப்பாணத்தில் நடந்ததுதான். 1990-ல் போர் மறுபடி தொடங்கியபின் பெட்ரோல், டீசல், பேட்டரி எல்லாம் அங்கே போகத் தடை வந்தது. மின்சாரம் வருடக்கணக்கில் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கிடைத்தது, அதுவும் கொள்ளை விலையில். அந்த மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் காரையும் ஓட்டினார்கள்.

பெட்ரோல் குளிர்ந்த என்ஜினிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆகாது. என்ஜின் சூடாகிவிட்டால் அதுவும் ஆவியாகும். ஆகவே தேவை முதல் சில நொடிகளுக்கான பெட்ரோல் மட்டும்தான். சில துளியை விட்டு என்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். புகை கக்கியது. என்ஜின் டொக்கு டொக்கென்று தட்டியது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஆயிலை நீர்க்கவைத்தது. என்றாலும் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பேட்டரி இல்லாததால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். இந்தக் கணக்கும் அழகு. சைக்கிள் டைனமோ தருவது சுமார் 3 வாட். சின்ன ரேடியோவுக்கு 1 வாட்டுக்கும் குறைவாகவே போதும். இரவு வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. மெல்லிய திரி, கொஞ்சம் எண்ணெய், காற்றில் அணையாமல் இருக்கக் கண்ணாடிச் சுவர்.

இங்கே யாரும் புது ஆற்றல் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இருப்பதை எந்த இடத்தில், எவ்வளவு கொஞ்சமாகச் செலவழித்தால் காரியம் நடக்கும் என்று பார்த்தார்கள். பட்டறை மூளைக்கு உண்மையான வேலை இருப்பது அங்கேதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கை பரபரக்கிறதென்றால் சாண எரிவாயுவில் ஆரம்பியுங்கள். ஒரு மாடு நாளுக்கு சுமார் 10 கிலோ சாணம் போடும். இரண்டு மாடு இருந்தால் நாளுக்கு 0.8 கன மீட்டர் வாயு எதிர்பார்க்கலாம். மாதக் கணக்கில் அது 10, 11 கிலோ சமையல் கேஸுக்குச் சமம், அதாவது முக்கால் சிலிண்டர். சமையலறைக் கழிவு எடைக்கு எடை சாணத்தைவிட அதிக வாயு தரும். காரணம் எளிது. சாணத்தில் இருக்கவேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை மாடு ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டது!

வேறு எதைச் செய்தாலும் சோதிக்கும் முறையை முதலில் முடிவு செய்யுங்கள். மைலேஜ் கருவி என்றால் ஒரே பாதை, ஒரே டயர் அழுத்தம், டேங்க் நிரப்பி மறுபடி டேங்க் நிரப்பும் வரை. கருவி இன்று ஆனில் இருக்கிறதா ஆஃபில் இருக்கிறதா என்பது ஓட்டுபவருக்குத் தெரியக்கூடாது. சுவிட்சை வீட்டில் வேறு யாராவது போடட்டும், ஒரு நோட்டில் எழுதி மறைத்து வைக்கட்டும். ஆனில் பத்து தடவை, ஆஃபில் பத்து தடவை ஓட்டியபின் நோட்டைத் திறந்து பாருங்கள். மின்சாரம் தரும் இயந்திரம் என்றால் இன்னும் சுலபம். அதன் வெளியீட்டிலேயே அது ஓடவேண்டும். பேட்டரி, ஒயர், பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓடவிடுங்கள்.

யாராவது முதலீடு கேட்டு வந்தால் இந்தச் சோதனைக்குச் சம்மதமா என்று கேளுங்கள். "பேட்டன்ட் நிலுவையில் இருக்கு, திறந்து காட்ட முடியாது" என்று சொன்னால், திறக்கவே வேண்டாம், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் அளந்துகொள்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பணம் மட்டும் கொடுக்காதீர்கள்.