வீடு தேடும் குழந்தைகள்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தில்லியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து அன்பர்கள் காப்பி அருந்திக் கொண்டிருந்த வேளையில், இராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும் ஒரு தம்பதியர் நம்மைத் தனியே அழைத்துப் பேசினர். மணமாகிப் பதினான்கு ஆண்டுகள் கடந்தும் அவர்களுக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. 2022ஆம் ஆண்டில் தத்தெடுப்பதற்கென முறைப்படி பதிவு செய்து கொண்டார்கள். சமூகப் பணியாளர் வீட்டிற்கு வந்து பார்த்து அறிக்கையும் எழுதிப் போனார். மூன்று ஆண்டுகளாகியும் அழைப்பு வரவில்லை. இந்நிலையில் ஊரிலிருந்து அம்மையாரின் மாமியார் தொலைபேசியில் ஒரு செய்தி சொல்லியிருக்கிறார்: “இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். பிறந்து பத்து நாளான பிள்ளை ஒன்று இருக்கிறதாம். செலவுக்கு ஏதோ கொடுத்தால் போதுமாம். லீவு போட்டுவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போங்கள்.”

போகலாமா, கூடாதா என்பது அவர்கள் கேள்வி. அதனினும் பெரிய கேள்வி ஒன்றையும் அந்த அம்மையார் கேட்டார். “நாட்டில் கோடிக்கணக்கில் அனாதைக் குழந்தைகள் இருப்பதாகச் சொல்கிறார்களே! எங்களுக்கு ஒரு குழந்தை கிடைக்க மூன்று வருஷம் போதவில்லையா?” அன்று நம்மிடம் விடையில்லை. அதன்பின் கணக்குகளைத் தேடி எடுத்துப் படித்தோம். படித்ததை அன்பர்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

கோடிக்கணக்கு என்பது பொய்யன்று. இந்தியாவில் ஏறத்தாழ மூன்று கோடி அனாதைக் குழந்தைகள் என யுனிசெஃப் நிறுவனத்தின் மதிப்பீடு ஒன்று நெடுங்காலமாக எடுத்துக் காட்டப்பட்டு வருகிறது. ஆனால் தாய், தந்தை ஆகிய இருவரில் ஒருவரை இழந்த குழந்தையையும் அந்நிறுவனம் அப்பெயராலேயே எண்ணுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தந்தையை இழந்து தாயின் மடியில் வளரும் பிள்ளையும் அக்கணக்கில் ஒன்று. கொரோனாக் காலத்து எண்கள் இதனை நன்கு விளக்கும். 2020 ஏப்ரல் முதல் 2022 ஜனவரி வரை பெற்றோரை இழந்த குழந்தைகள் 1,47,492 பேர் என்று குழந்தை உரிமைகள் ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இவர்களுள் இருவரையும் இழந்தவர்கள் 10,094 பேர். ஒருவரை மட்டும் இழந்தவர்கள் 1,36,910 பேர். கைவிடப்பட்டவர்கள் 488 பேர். பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது வேறொரு தாயன்று. இருக்கின்ற தாய்க்கு ஒரு கைத்தாங்கல்.

சரி, இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளாவது ஆதரவற்றவர்களா? நாடு முழுவதுமுள்ள குழந்தைகள் இல்லங்களைக் கணக்கெடுத்த அரசுக் குழுவொன்றின் அறிக்கை 2018இல் வெளிவந்தது. 9,589 இல்லங்களில் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுவோராக 3,70,227 குழந்தைகள் இருப்பதாக அது கூறிற்று. அவர்களில் மிகப் பெரிய பகுதியினர், ஏறத்தாழ மூன்றில் ஒருவர், தாயோ தந்தையோ ஒருவர் உள்ள பிள்ளைகள். பின்னர் கொரோனா வந்தபோது இல்லங்களில் நெரிசலைக் குறைக்க வேண்டியதாயிற்று. 2,27,518 பிள்ளைகளில் 1,45,788 பேர் தத்தம் குடும்பத்தாரிடமோ காப்பாளரிடமோ அனுப்பப்பட்டார்கள் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. வீடு இல்லாதவர்கள் என்று நாம் எண்ணியிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் செல்ல ஒரு வீடு இருந்திருக்கிறது! வீட்டிலே சோறும் பள்ளிக்கூடச் சம்பளமும் இல்லாததுதான் குறை.

இதில் தமிழர்களாகிய நாம் சற்றே நின்று பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இல்லவாசிப் பிள்ளைகளில் எழுபது விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் எட்டே மாநிலங்களில் இருக்கிறார்கள் என்று கூறி, அவர்களைக் குடும்பங்களிடம் சேர்க்குமாறு ஆணையம் 2020 செப்டம்பரில் கேட்டுக் கொண்டது. அந்த எட்டில் தமிழ்நாடு ஒன்று. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகியனவும் உள. வடக்கே வறுமை மிகுதி, தெற்கே இல்லங்கள் மிகுதி! “இல்லத்தில் விட்டால் படிப்பாவது வரும்” என்று பிள்ளையைக் கொண்டு விடும் ஏழைத் தாயர் நம் ஊர்ப்பக்கம் நிறைய உண்டு. பொங்கலுக்கு ஒருமுறை, கோடை விடுமுறைக்கு ஒருமுறை வந்து பார்த்துப் போவார்கள். அந்தப் பிள்ளையை எவருக்கும் தத்துக் கொடுக்க இயலாது, கொடுக்கவும் கூடாது.

இனி, தத்துக்கு உரிய குழந்தைகளின் கணக்கிற்கு வருவோம். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று தந்த அறிக்கையின்படி, பெற்றோர் இல்லாதோர், கைவிடப்பட்டோர், பெற்றோரால் ஒப்படைக்கப்பட்டோர் என இல்லங்களில் இருந்தவர்கள் 6,996 பேர். இவர்களுள் தத்துக்குச் சட்டப்படி தடையில்லை என்று குழந்தைகள் நலக்குழு அறிவித்தது 2,430 பேரை மட்டுமே. அவர்களுக்காகக் காத்திருந்த பெற்றோர் எத்தனை பேர் தெரியுமா? 2021 டிசம்பரில் 27,939 பேர். 2017இல் இவ்வெண் பதினெட்டாயிரம் அளவில் இருந்தது. 2025 ஜூலையில் முப்பத்தாறாயிரத்தைத் தாண்டிவிட்டது. அப்போதும் தத்துக்குத் தயாராக இருந்த குழந்தைகள் 2,700க்குக் குறைவே. ஒரு குழந்தைக்குப் பதின்மூன்று வீடுகள்! மூன்று கோடியில் தொடங்கிய கணக்கு மூவாயிரத்திற்கும் கீழே வந்து முடிகிறது. நம் நண்பர்களின் மூன்றாண்டுக் காத்திருப்பு யாருடைய ஓரவஞ்சனையாலும் நேர்ந்ததன்று.

எஞ்சிய நான்காயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் ஏன் அறிவிக்கப்படவில்லை? கோயில் வாயிலிலோ இரயில் நிலையத்திலோ ஒரு சிசு கண்டெடுக்கப்பட்டால் இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் நலக்குழுவின் முன் கொண்டு வர வேண்டும். போலீசார் விசாரிக்க வேண்டும். செய்தித்தாளில் விளம்பரம் செய்து பெற்றோரைத் தேட வேண்டும். எவரும் வரவில்லையெனில், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையானால் இரண்டு மாதங்களிலும், மூத்த குழந்தையானால் நான்கு மாதங்களிலும் முடிவு அறிவிக்க வேண்டும். பெற்றவளே ஒப்படைத்தாளெனில், அவள் மனம் மாறுவதற்கு அறுபது நாள் அவகாசம் உண்டு. சட்டம் நன்றாகவே இருக்கிறது. போலீஸ் அறிக்கை வருவதில் தாமதம், நலக்குழு கூடுவதில் தாமதம் என்று நாள்கள் நழுவுகின்றன. பெரியவர்களுக்கு ஆறு மாதம் என்பது ஒரு கோப்பின் காலம், கைக்குழந்தைக்கோ அது பாதி ஆயுள். மேலும், நாட்டிலுள்ள மாவட்டங்களில் ஏறத்தாழப் பாதியில் தத்துக் கொடுக்கும் நிறுவனமே இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிய வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்று அமைக்கவும், இரண்டு மாதத்திற்கொருமுறை இல்லங்களில் உரிய குழந்தைகளைத் தேடி அடையாளம் காணவும் அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றம் ஆணையிட்டது.

பலன் இல்லாமற் போகவில்லை. 2010-11இல் உள்நாட்டில் 5,693 குழந்தைகள் தத்துப் போயினர். அது 2015-16இல் 3,011 ஆகவும், 2021-22இல் 2,991 ஆகவும் இறங்கியது. 2024-25இல் அயல்நாட்டுத் தத்தையும் சேர்த்து 4,515. அவற்றுள் உள்நாட்டுக்கு 4,155. பன்னிரண்டு ஆண்டுகளில் இதுவே அதிகம். அந்த ஓராண்டில் மட்டும் 8,598 குழந்தைகள் புதிதாக அடையாளம் காணப்பட்டார்கள்.

ஒரு மகிழ்ச்சியான செய்தியையும் சொல்லிவிடுகிறோம். நம் பாட்டனார் காலத்துச் சுவீகாரம் கொள்ளி வைக்க ஓர் ஆண்மகனைத் தேடியதேயன்றி வேறில்லை. பெண்குழந்தையைத் தத்தெடுக்கவும், பெண் தன் பெயரில் தத்தெடுக்கவும் வழி திறந்தது 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம். இன்று 2021-22இன் உள்நாட்டுத் தத்துகளில் ஆண் 1,293, பெண் 1,698. பெண்ணே வேண்டும் என்று விரும்பிக் கேட்போர் பெருகியிருக்கிறார்கள். கைவிடப்படுவோரிலும் பெண்களே மிகுதி என்பதும் இவ்வெண்ணில் கலந்திருக்கிறது. அதை மறைத்து மகிழ்வது முறையாகாது.

எண்களைப் படித்த கையோடு இந்நகரிலுள்ள ஓர் இல்லத்திற்கும் சென்று வந்தோம். வாயிலில் நுழைந்ததும் நான்கைந்து வயதுச் சிறுவர் சிறுமியர் ஓடி வந்து எங்கள் கைகளைப் பற்றிக் கொண்டார்கள். கூடத்து மூலையில் கேரம் ஆடிக் கொண்டிருந்த பெரிய பிள்ளைகள் தலையை நிமிர்த்தவில்லை. “வருகிறவர்கள் யாரைப் பார்க்க வருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது” என்றார் இல்லத்தை நடத்தும் மூதாட்டியார். பதிவு செய்யும் பெற்றோரில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குட்பட்ட, நோயற்ற, குறையற்ற குழந்தையைக் கேட்கிறார்கள். அந்த வரிசைதான் நீண்டு கிடக்கிறது. ஆறு வயதைக் கடந்த பிள்ளை, உடன்பிறப்பைப் பிரியாத பிள்ளை, காதோ காலோ குறையுள்ள பிள்ளை ஆகியோரின் பக்கம் வரிசையே இல்லை. முறைப்படி காட்டியும் எவரும் ஏற்காத குழந்தைகளைத் தனிப் பட்டியலில் வைக்கிறார்கள். பதிவு பெற்ற பெற்றோர் முன்பின் வரிசை பாராமல் அதிலிருந்து ஒரு குழந்தையைக் கேட்டுப் பெறலாம். பெற்றோரின் வயது வரம்பும் இதற்கேற்ப இளகுகிறது. 2022 விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட சிசுவுக்குக் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85ஐத் தாண்டலாகாது. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு 100 வரை போகலாம். எட்டைத் தாண்டினால் 110.

தத்துக்கு வழியில்லாத பிள்ளைக்கும் வீடு தரும் ஏற்பாடு ஒன்று உண்டு. வளர்ப்புப் பராமரிப்பு என்று அதற்குப் பெயர். பெற்றோர் உரிமை மாறாது. பிள்ளை மட்டும் இல்லத்தை விட்டு ஒரு குடும்பத்தோடு வந்து வாழும். மேனாடுகளில் பெருவழக்கான இம்முறை நம் நாட்டில் இன்னும் நாற்றுப் பருவத்திலேயே நிற்கிறது. 2024இல் வெளியான புதிய நெறிமுறைகள் மணமாகாதவர்க்கும் துணையை இழந்தவர்க்கும் கதவைத் திறந்துவிட்டிருக்கின்றன. 35 முதல் 60 வயது வரை உள்ளோர் முன்வரலாம். இவ்வாறு வளரும் பிள்ளை தத்துக்கு உரியதானால், முன்பு ஐந்தாண்டுகள் வளர்த்த பின்னரே தத்தாக ஏற்கலாம் என்றிருந்ததை இரண்டாண்டுகளாகக் குறைத்திருக்கிறார்கள். விண்ணப்பங்களைக் கவனிப்பது அந்தந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஏழைத் தாயிடமிருந்து பிள்ளை பிரியாமலிருக்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவும் உண்டு. ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000க்கும், பிற இடங்களில் 96,000க்கும் மிகாதவர் பெறலாம். நம் அன்பர்களின் வீடுகளில் வேலை செய்யும் பெண்களுள் எத்தனையோ பேர் இதற்கு உரியவர்கள். அவர்களுக்கு இச்செய்தி எட்டியிருக்கிறதா என்பதே நமக்கு ஐயம்.

இனி அந்த நர்ஸ் சொன்ன பிள்ளை. சட்டவழியன்றிக் குழந்தையைத் தத்தெனப் பெறுவதும் கொடுப்பதும் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பணம் கை மாறினால் ஐந்தாண்டு. மருத்துவமனை ஊழியர் செய்தால் மூன்றுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை. ஆனால் தண்டனையைச் சொல்லி நாம் அவர்களைத் தடுக்கவில்லை. பெற்றவள் மெய்யாகவே மனமுவந்து கொடுத்தாளா, அன்றி மயக்கத்தில் இருந்தவளிடம் பிள்ளை இறந்துவிட்டது என்று சொல்லப்பட்டதா என்பதை அந்த நர்ஸைத் தவிர வேறு யார் அறிவார்? வளர்க்க இயலாத தாய்க்கும் நேர்வழிகள் உண்டு. அவள் நலக்குழுவிடம் ஒப்படைக்கலாம்; பெயர் வெளிவராது. 1992இல் சேலத்தில் தமிழக அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவிற்று. 1098 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைத்தாலும் ஆள் வரும். பத்து நாள் பிள்ளைக்காக அந்த எண்ணைத்தான் அழைக்கச் சொன்னோம், அழைத்தார்கள்.

தம்பதியர் தங்கள் பதிவை விட்டுவிடவில்லை. வரிசை நகரட்டும் என்று இருக்கிறார்கள். ஆனால் சென்ற வாரம் மாவட்ட அலுவலகத்திற்குச் சென்று, ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்றை வளர்ப்புப் பராமரிப்பில் ஏற்க விண்ணப்பம் கொடுத்து வந்தார்கள். ஊரிலிருக்கும் மாமியாருக்கு இதைச் சொல்லத் தயங்கி, இரண்டு நாள் கழித்துச் சொன்னார்களாம். அந்த அம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “வடக்கத்திப் பிள்ளையாச்சே, சோறு தின்னுமா, சப்பாத்திதான் தின்னுமா?” என்று கேட்டாராம்.