பம்ப் போச்சு என்று சொல்லும் முன்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் பாதையில் பழைய அம்பாசிடர், பத்மினி, கார்புரேட்டர் காலத்து மாருதி 800 வண்டிகளை இன்றும் பார்க்கலாம். ஊருக்குள் ஒழுங்காக ஓடும் வண்டி, மலையடிவாரத்தை நெருங்கும்போது இழுவை குறைந்து, விக்கி விக்கி நின்றுவிடும். சற்று நேரம் ஆறவிட்டு செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். பட்டறையில் உடனே வரும் பதில், "பெட்ரோல் பம்ப் போச்சு சார்." அந்தப் பதில் பல நேரம் அவசர முடிவுதான். அதை நம்பிச் செய்யும் வேலை காசோடு போனால் பரவாயில்லை, காரையே எரித்துவிடவும் கூடும்.

இந்த வண்டிகள் பலவற்றில் கம்பெனி பொருத்தியது இன்ஜினோடு சேர்ந்து இயங்கும் பம்ப். மெக்கானிக்குகள் அதை ஏ.சி. பம்ப் என்பார்கள். அதன் ரப்பர் டயஃப்ரம் கிழிந்து, நல்ல மாற்று கிடைக்காதபோது 12 வோல்ட் எலெக்ட்ரிக் பம்பைப் பொருத்திவிடுகிறார்கள். அதில் தவறில்லை. எந்தப் பம்ப் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. கார்புரேட்டருக்குத் தேவை சுமார் 2 முதல் 4 பி.எஸ்.ஐ. அழுத்தம் மட்டுமே. இன்ஜெக்‌ஷன் காரின் பம்போ 40 பி.எஸ்.ஐ.க்கு மேலும் தள்ளும். கையில் கிடைத்தது என்று அதை மாட்டினால் கார்புரேட்டரின் நீடில் வால்வால் பெட்ரோலை அடைத்து நிறுத்த முடியாது. ஃப்ளோட் சேம்பர் நிரம்பி வழியும் பெட்ரோல், சூடேறிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் கொட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஏ.சி. பம்ப், இன்ஜின் நின்றால் தானும் நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப் சாவி ஆனில் இருக்கும்வரை ஓடும். விபத்தில் ஹோஸ் அறுந்தாலும் விடாமல் பெட்ரோலைப் பீய்ச்சும். ஆகவே தனி ஃப்யூஸும், ஆயில் அழுத்தம் போனாலோ மோதினாலோ மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் இல்லாமல் பம்ப் பொருத்த ஒப்புக்கொள்ளாதீர்கள். சில நூறு ரூபாய் மிச்சம் என்று இதை விட்டுவிடுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

சரி, பம்ப் உண்மையிலேயே போய்விட்டதா? எலெக்ட்ரிக் பம்ப் என்றால், இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, பம்ப் இருக்கும் இடத்தில் காது கொடுங்கள். பாயின்ட் வைத்த பம்ப் என்றால் டக் டக் என்று வேகமாக அடித்து, சேம்பர் நிறைந்ததும் ஓய வேண்டும். ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது வழியில் எங்கோ ஹோஸ் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டர் பக்கம் வழிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சத்தமே இல்லையா? ஆயில் அழுத்த சுவிட்ச் இருந்தால், இன்ஜின் ஓடாதபோது அதுவே கரண்டைத் துண்டித்திருக்கலாம். பம்பைத் திட்டும் முன் டெஸ்ட் லாம்பை வைத்துக் கரண்ட் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த எர்த் வயர் ஒன்றே பம்பைச் சாகடித்துவிடும். டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே போய், பிறகு வண்டி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஃபில்டரையும் பார்த்துவிட வேண்டும். சூடேறினால் மட்டும் நிற்கிற வண்டியில் இக்னிஷன் காயிலும் குற்றவாளியாக இருக்கலாம், ஸ்பார்க்கைச் சோதிக்காமல் முடிவு சொல்லக்கூடாது. எலெக்ட்ரிக் பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் வீக். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். டேங்கை ஒட்டிப் பொருத்துவதே முறை.

வழியில் நின்றுவிட்டால் செய்யக்கூடாதவை மூன்று. வாயால் பெட்ரோலை உறிஞ்சாதீர்கள், ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் கடும் நிமோனியா வரும். அப்படிப் போய்விட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பானெட்டுக்குள் பாட்டில் கட்டி ஓட்டாதீர்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஊற்றி செல்ஃப் அடிக்காதீர்கள். செண்பகத்தோப்பு, 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயப் பகுதி. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. கோடையில் சருகு காய்ந்து கிடக்கும் அந்த மண்ணில் ஒரு தீப்பொறி போதும். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தடை செய்கிறது. சாவியை அணைத்து, வண்டியைச் சருகில்லாத இடத்துக்குத் தள்ளி, கட்டி இழுக்க ஆள் கூப்பிடுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் டயஃப்ரமும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். பெட்ரோலிலேயே சந்தேகம் என்றால் பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் 5 லிட்டர் அளவைச் சோதனையும் கேட்கலாம். மறுக்க அவர்களுக்கு உரிமையில்லை.

புதிய காருக்குக் கம்பெனி பொறுப்பேற்கும். 2020 ஜூலையில் பெட்ரோல் பம்ப் கோளாறுக்காக மாருதி 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. நம் பழைய வண்டிக்கு அந்த வழி இல்லை, இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தர மறுப்பது அதன்படி முறையற்ற வணிகம். தவறான பம்பைப் பொருத்துவது சேவைக் குறைபாடு. பிழைப்புக்காகத் தானே வாடகைக் கார் ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான். எந்த மாடல் பம்ப், என்ன அழுத்தம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பம்ப் உங்கள் பொருள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அதுவே சாட்சி.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தீரவில்லையென்றால் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.