பாஸ்கா காலத்தில் பள்ளிக் குடும்பம்



உயிர்ப்புப் பெருவிழா மட்டும் ஏன் ஆண்டுக்கு ஒரு தேதியில் வருகிறது என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. கிறிஸ்து பிறப்பு விழா டிசம்பர் 25-ஐ விட்டு அசைவதில்லை. உயிர்ப்பு விழாவோ 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20, இந்த 2026-இல் ஏப்ரல் 5 என்று நகர்ந்துகொண்டே இருக்கிறது. காரணம் நிலவு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவைக் கணக்கிட்டு, அதை அடுத்து வரும் ஞாயிறைத் திருச்சபை உயிர்ப்பு ஞாயிறாகக் கொண்டாடுகிறது. ஆகவே அது மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னும் வராது.

நிலவை ஏன் கணக்கிட வேண்டும்? நம் ஆண்டவர் பாடுபட்டது யூதர்களின் பாஸ்கா விழாவின்போது. அந்த விழா ஆபிபு மாதத்து முழுநிலவை ஒட்டி வருவது. ஆபிபு என்ற எபிரேயச் சொல் இளங்கதிரைக் குறிக்கும். மழைக்காலம் ஓய்ந்து, வாற்கோதுமை கதிர் முற்றுகிற பருவம் அது. பாலஸ்தீன நாட்டின் வசந்தம்.

நம் தென்கோடிக் கடற்கரைக்கு வசந்தம் என்ற சொல் கொஞ்சம் பெரியதுதான். நமக்குச் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று முன்னோர் சொல்லி வைத்தார்கள். தேரி மணலில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தவர்கள் அதில் 'இள' எங்கே என்று கேட்பார்கள். ஆனாலும் வேம்பு பூத்திருக்கிறது. பள்ளி மதிலோரம் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது. பனையில் கலயம் கட்டியாகிவிட்டது, நுங்கு வண்டி தெருவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்து, பள்ளிக் கதவு அடைக்கிற காலமும் இதுதான்.

அந்த முதல் பாஸ்காவைப் பற்றி விடுதலைப் பயண நூலின் 12-ஆம் அதிகாரத்தில் நாம் வழக்கமாக விரைந்து கடந்துபோகும் ஒரு குறிப்பு இருக்கிறது. ஆட்டுக்குட்டியைக் கோவிலுக்கு என்று கேட்கவில்லை கடவுள். குலத்துக்கு ஒன்று என்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒன்று என்கிறார். ஒரு வீட்டில் ஆள் குறைவாக இருந்து ஓர் ஆட்டுக்குட்டி அதிகம் என்றால், அடுத்த வீட்டாரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் எவ்வளவு உண்பார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாருங்கள், ஓர் இனமே அடிமைத்தளையை உடைத்துப் புறப்படுகிற இரவுக்கு முன்னால், கடவுள் வீடு வீடாகத் தலை எண்ணச் சொல்கிறார். எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த வீடு தனியாக ஒரு விருந்து வைக்க இயலாத அளவு சிறுத்துப்போயிருக்கிறது என்பது தெரியாமல் பாஸ்கா நடக்காது.

அதே அதிகாரத்தில் இன்னொன்று. இந்த வழிபாட்டின் பொருள் என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று பெற்றோருக்கே சொல்லப்படுகிறது. குருவுக்கோ ஆசிரியருக்கோ அல்ல. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்களும் முதன்மை ஆசிரியர்களும் பெற்றோர்தாம் என்று கற்பிப்பது இந்த வேரிலிருந்துதான். 1983-இன் திருச்சபைச் சட்டமும் (எண் 796) ஆசிரியர்கள் பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், அவர்கள் சொல்வதை விரும்பிக் கேட்க வேண்டும் என்கிறது. நம் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் என்றால் என்ன நடக்கிறது? மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து, கட்டண பாக்கி, சீருடை. பெற்றோர் கேட்கிறார்கள், நாம் பேசுகிறோம். சட்டம் சொல்வது நேர் எதிர்த் திசையில் இருக்கிறது.

ஏன் இதை இப்போது, பாஸ்கா காலத்தில் சொல்கிறோம்? இந்தப் பருவத்தில்தான் நம் பகுதியில் வீடுகளின் ஆள் கணக்கு தலைகீழாக மாறுகிறது.

விசைப்படகில் தொழிலுக்குப் போகும் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகக் கடலுக்கு ஓய்வு. ஆண்டு முழுவதும் அப்பாவை நாள் கணக்கில் காணாத பிள்ளைக்கு இரண்டு மாதம் அப்பா வீட்டில் இருக்கிறார். வருமானம் இல்லை, கடன் ஏறுகிறது, வீட்டில் சத்தமும் ஏறுகிறது. ஆனால் அந்த அப்பா கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்கு அதுதான் ஆண்டின் நல்ல காலம்.

பனைத் தொழில் குடும்பங்களில் வேறு மாதிரி. பதநீர்ப் பருவம் தொடங்கியதும் பல குடும்பங்கள் ஊரை விட்டுப் பனங்காட்டுக்கே போய், விடிலி போட்டுத் தங்கிவிடுகின்றன. அப்பா காலையும் மாலையும் மரம் ஏறுவார். அம்மா பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சுவார். பிள்ளைகள் ஓலையும் சுள்ளியும் பொறுக்கித் தருவார்கள். இதில் குறை காண நாம் வரவில்லை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமே, விடுமுறையில் ஆபத்தில்லாத குடும்ப வேலையில் பிள்ளை கைகொடுப்பதை அனுமதிக்கிறது. அப்பாவின் உழைப்பைக் கண்ணால் பார்த்து வளரும் பிள்ளை எந்தப் புத்தகத்திலும் இல்லாததைக் கற்கிறது. நம் கவலை ஜூன் மாதத்தைப் பற்றியது. பருவம் ஆடி வரைக்கும் இழுத்தால், பள்ளி திறந்தபிறகும் அந்தப் பிள்ளை காட்டிலேயே நின்றுவிடுகிறது. 'அடுத்த வாரம் வரும்' என்று நாம் இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

உப்பளத் தொழிலாளர் வீடுகளிலோ, வெயில் ஏற ஏற வேலை கூடும். வெயிலுக்கு முந்திவிட வேண்டும் என்று தாய்மார்கள் இருட்டோடு புறப்பட்டுவிடுகிறார்கள். பள்ளி நாளில் மதியம் சத்துணவு இருக்கிறது. விடுமுறையில் அது இல்லை. எட்டு வயது அக்கா நான்கு வயதுத் தம்பிக்குச் சோறு போட்டுக் காவல் இருக்கிறாள். இன்னும் சில வீடுகளில் அப்பா வளைகுடா நாட்டில். அம்மாவும் பாட்டியும் மட்டும். ஒன்பதாம் வகுப்பு முடித்த பையன் விடுமுறையில் நாலு காசு பார்க்கலாம் என்று திருப்பூருக்குச் சொந்தக்காரர் ஒருவரோடு போவான். கையில் காசைக் கண்டபின் பத்தாம் வகுப்புக்குத் திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர் என்பது நம் தலைமையாசிரியர்களுக்குத் தெரியும்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை இந்தப் பின்னணியில் திரும்ப வாசித்துப் பாருங்கள். அதுவும் பாஸ்கா விழாதான், அதே பருவம்தான். இயேசுவுக்கு வயது பன்னிரண்டு, நம் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன். விழா முடிந்து ஊர்க் கூட்டம் நாசரேத்து நோக்கி நடக்கிறது. மகன் கூட்டத்தில்தான் இருப்பான் என்று மரியாவும் யோசேப்பும் எண்ணிக்கொண்டு ஒரு நாள் பயணம் போய்விடுகிறார்கள். ஆண்கள் ஒரு கூட்டமாகவும் பெண்கள் ஒரு கூட்டமாகவும் நடந்தார்கள், அதனால் அப்பா அம்மாவோடு என்றும் அம்மா அப்பாவோடு என்றும் நினைத்துவிட்டார்கள் என்று மறையுரைகளில் சொல்வதுண்டு. லூக்கா அப்படி எழுதவில்லை. உறவினரிடமும் தெரிந்தவர்களிடமும் தேடினார்கள் என்று மட்டுமே எழுதுகிறார். அவர்கள் பொறுப்பற்ற பெற்றோர் அல்ல. தங்கள் கூட்டத்தை நம்பினார்கள், நம்பத் தகுந்த கூட்டமும்கூட. அவ்வளவு நல்ல குடும்பத்தில், அவ்வளவு நெருங்கிய கூட்டத்தில் ஒரு பிள்ளை ஒரு நாள் முழுக்கக் காணாமல் இருக்க முடிந்தது என்றால், எல்லாரும் 'வேறு யாரோடோ இருப்பான்' என்று நினைத்ததே காரணம்.

மே மாதத்தில் நம் பள்ளிக் குடும்பம் அப்படித்தான் நடக்கிறது. பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்கும் என்று டீச்சர் நினைக்கிறார். விடுமுறை வகுப்புக்குக் கோவிலுக்குப் போயிருக்கும் என்று அம்மா நினைக்கிறார். ஊருக்குப் போயிருக்கும் என்று வகுப்பு எடுக்கும் சிஸ்டர் நினைக்கிறார். கணினியில் பெயர் இருக்கிறது, வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. பிள்ளை எங்கே?

பழைய பங்குகளில் 'ஆன்மாக்களின் நிலை' என்றொரு ஏடு இருக்கும். 1614-இல் வெளியான உரோமைத் திருச்சடங்கு நூல் பங்குக்குருக்கள் வைத்திருக்க வேண்டிய ஏடுகளில் ஒன்றாக அதைக் குறித்தது. வீடு வீடாகச் சென்று, குடும்பத் தலைவர் யார், உடன் இருப்பவர் யார் யார், வயது என்ன, நற்கருணை வாங்கியவர் யார், உறுதிப்பூசுதல் பெற்றவர் யார் என்று எழுதுவார்கள். பாஸ்கா கால நற்கருணைக் கடமையை ஒட்டி இந்தக் கணக்கை எடுப்பது பல இடங்களில் வழக்கம். வரலாற்று ஆய்வாளர்கள் இன்று அந்த ஏடுகளைப் புரட்டிக் குடும்பங்களின் கதையை எழுதுகிறார்கள். ஏட்டில் தூசி படிந்தது நம் காலத்தில்தான். வேளை மெனக்கெட்டு எழுதிய அந்தக் குருக்களுக்கு ஆட்டுக்குட்டிக் கணக்கின் பொருள் புரிந்திருந்தது என்றே தோன்றுகிறது.

எனவே இவ்வாண்டு நம் பள்ளியும் பங்கும் சேர்ந்து ஒரு குடும்ப ஏடு தொடங்குகிறோம். மதிப்பெண்ணுக்கு அதில் இடமில்லை. கோடை விடுமுறையில் இந்தப் பிள்ளை யாரோடு இருக்கும், எந்த ஊரில், பகலில் சாப்பாடு யார் கொடுப்பார், ஜூனில் யார் கூட்டி வருவார் என்பதே கேள்வி. வீட்டுச் செய்தியையும் கேட்டு எழுதுவோம். தவக்காலத்தில் மட்டும் தெரியவந்தவை எத்தனை! ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குத் தம்பி பிறந்திருக்கிறான். தினமும் பேரனைக் கைபிடித்துப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விட்ட பாட்டி ஒருவர் பெரிய வியாழனுக்கு முந்தின வாரம் இறந்துபோனார். அந்தப் பையன் அதன்பின் பேசுவதைக் குறைத்துக்கொண்டிருக்கிறான். தடைக்காலத்துக்கு முன்பே படகை விற்றுவிட்ட ஒரு தகப்பன் இருக்கிறார். பிறப்புச் செய்தியைத் திருப்பலியில் அறிவித்து மகிழலாம். கடன் செய்தியை அறிவிக்கக் கூடாது. அது அன்பியப் பொறுப்பாளரோடும் வின்சென்ட் தே பவுல் சபையாரோடும் நிற்க வேண்டும். ஊர் வாய்க்குத் தீனி போடுவதற்கல்ல இந்த ஏடு.

ஆள் குறைந்த வீடு அடுத்த வீட்டோடு சேர்ந்துகொள்ளட்டும் என்பதும் நம் ஊரில் நடக்கக்கூடியதே. உப்பளத்துக்குப் போகும் தாயின் பிள்ளைகளுக்கு மதியச் சோறு கொடுக்க மூன்று வீட்டார் முன்வந்திருக்கிறார்கள். அதில் ஒன்று இந்து சகோதரர் வீடு, அவர்கள் பிள்ளையும் நம் பள்ளிதான். புதுநன்மைக்கான வகுப்பு இம்முறை கோவில் வளாகத்தில் மட்டுமல்லாமல், வாரம் ஒரு நாள் பனங்காட்டு விடிலிப் பக்கமும் நடக்கும். மாலை மரம் ஏறி இறங்கிய தகப்பன்மார் அங்கேயே உட்காரலாம். பிள்ளை கேட்கிற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லட்டும், நாம் பக்கத்தில் இருப்போம்.

உயிர்ப்பு ஞாயிறிலிருந்து தூய ஆவியார் பெருவிழாவரை ஐம்பது நாள். இவ்வாண்டு அது மே 24. அன்பியப் பொறுப்பாளர்கள் அதற்குள் தங்கள் தெரு வீடுகளை முடித்து ஏட்டைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். உங்கள் தெருவில் எங்கள் கண்ணுக்குத் தப்பிய பிள்ளை யாராவது இருந்தால், எந்த மதத்துப் பிள்ளையானாலும் சரி, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் திருப்பண்ட அறைப் பக்கம் வந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.