சேர்த்துக் காணலும் சேர்த்து எழுதலும்

கொங்கு நாட்டு உழவர் தம் நிலத்தைக் காடு என்றும் தோட்டம் என்றும் வழங்குவர். அரசாங்கக் கணக்கோ அந்நிலத்தைப் பல ஏடுகளிற் பிரித்து வைத்துள்ளது. 'அ' பதிவேடு புல எண் வரிசையிலும், சிட்டா பட்டா எண் வரிசையிலும் அமைந்தவை. அடங்கல் பசலி ஆண்டுதோறும் பயிரைக் கூறும். எண்ணால் இணைத்துக் காணும் இத்தகைய முறையையே, 1970ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் அறிஞர் தம் கட்டுரையொன்றிற் கணினித் தரவுக்கு இலக்கணமாக வகுத்தனர்.

விடுமுறைக் காலத்தில், பயிற்சியின் பொருட்டு, இத்தகைய கணக்கொன்றை அக்செஸ் என்னும் மென்பொருளில் அமைக்க முயன்றோம். பட்டா எண்ணும் உரிமையாளர் பெயரும் ஓர் அட்டவணை. உட்பிரிவு எண்ணும் பரப்பும் பட்டா எண்ணும் மற்றோர் அட்டவணை. இரண்டையும் இணைத்து ஒரு வினவலாக்கி, அதன்மேல் ஒரு படிவம் அமைத்தோம். ஒரு பட்டாவில் நான்கு உட்பிரிவுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று விலைபோயிற்று எனக் கொண்டு, அவ்வரியில் மட்டும் வாங்கியவர் பெயரை எழுதினோம். நான்கு வரிகளிலும் பெயர் மாறிற்று! ஒரு துண்டை விற்றவர் நிலம் முழுவதையும் இழந்தார்.

குற்றம் கணினியினுடையதன்று. நான்கு வரிகளிற் காணப்பட்ட பெயர் உண்மையில் ஓரிடத்தில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. வினைத்தொகையிற் காலம் மறைந்து நிற்றல்போல, இணைந்த வினவலில் எச்செய்தி எவ்வட்டவணைக்கு உரியதென்பது மறைந்து நிற்கின்றது. வாங்கியவர்க்குப் புதுப் பட்டா எண் அளித்து, அவ்வுட்பிரிவின் பட்டா எண்ணை மாற்றுதலே முறை.

பின்னர்க் கூட்டுப் பட்டாவின் பொருட்டுப் பெயர்களை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றினோம். உரிமையாளர் மூவர், உட்பிரிவு நான்கு. மூன்று அட்டவணைகளையும் இணைத்தபோது பன்னிரண்டு வரிகள் தோன்றின. பரப்பைக் கூட்டினால் மும்மடங்கு வந்தது. இப்படிவம் ஓர் எழுத்தையும் ஏற்க மறுத்தது. அம்மறுப்பு நன்மையே, எவ்வரியைத் திருத்தினால் எது மாறும் என்பது அங்கே தெளிவில்லை.

படிவம் எழுத்தை ஏற்காதபோது ஆராய வேண்டிய முறை இது. முதலாவது, படிவத்தை விடுத்து வினவலைத் தனியே திறந்து ஒரு சொல்லைத் திருத்திப் பார்க்க. அங்கே திருந்துமாயின் குறை படிவத்தினுடையது. திருத்தவும் சேர்க்கவும் அப்படிவத்திற்கு அனுமதி உண்டா என நோக்குக. புதுப்பதிவுக்கு மட்டும் எனக் குறித்திருந்தால் பழைய பதிவுகள் தோன்றா. அவை அழிந்தன என அஞ்ச வேண்டா. அங்கும் திருந்தாதாயின் குறை இணைப்பினுடையது. பட்டா அட்டவணையிற் பட்டா எண் முதன்மைத் திறவுகோலாகக் குறிக்கப்பட்டதா எனக் காண்க. கூட்டுத்தொகையோ, ஒத்த வரிகளை நீக்கும் கட்டளையோ வினவலில் இருப்பின் அது காண்பதற்கே உரியது. புது உட்பிரிவு சேர வேண்டின், வினவலில் இடம்பெறும் பட்டா எண் உட்பிரிவு அட்டவணையிலிருந்து எடுத்ததாதல் வேண்டும்.

நிலையான தீர்வு எளிது. பட்டாவிற்கு ஒரு முதற்படிவம். அதனுள் உரிமையாளர்க்கு ஒரு துணைப்படிவம், உட்பிரிவிற்கு ஒரு துணைப்படிவம். மூன்றையும் பட்டா எண்ணால் இணைத்தால், துணைப்படிவங்களில் அவ்வெண் தானே நிரம்பும்; ஒவ்வொரு செய்தியும் தன் வீட்டிற்கே செல்லும். நாம் அவ்வாறு திருத்தி அமைத்தபின் மூவர் பெயரும் நான்கு துண்டும் பிழையின்றி நின்றன.

சேர்த்துக் காண்பது அறிவிற்கு வேண்டுவது. எழுதுங்கால் பிரித்தறிதல் வேண்டும். எம் பயிற்சிக் கணக்கில் இழந்த நிலத்தை ஒரு நொடியில் மீட்டோம். மெய்யான ஏட்டிற் பெயர் பிறழ்ந்தால், அதனைத் திருத்த அலைபவர் ஓர் உழவர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.