பாட்டி பிடிச்சா தாங்குமா பாஸ்?

குளியலறையும் கழிப்பறையும் ஒரே ரூம். ஒருத்தர் குளிச்சிட்டு வெளியே வந்தா கதவு வரைக்கும் சாரல். அடுத்து உள்ளே போறவர் நனைஞ்ச தரையில கதகளி ஆடணும். போடியில நாலு பேரா வீடு எடுத்துத் தங்கியிருக்கற பசங்களுக்கும் சரி, லீவுக்குக் குரங்கணி ஏறிப் போறவங்களுக்கும் சரி, இது தினசரிக் கதை. 'ஷவருக்குக் குறுக்கே ஒரு ஸ்க்ரீன் மாட்டிட்டா மேட்டர் ஓவர்டா மச்சி'ன்னு ஹார்டுவேர் கடைக்குக் கிளம்புறீங்களா? ஒரு நிமிஷம்!

முதல் டெஸ்ட்டுக்குப் பத்து பைசா செலவில்லை. ஷவருக்குக் கீழே ஒரு மக் தண்ணி ஊத்துங்க. ஜல்லடை மூடியைப் பார்த்து ஓடினா நீங்க அதிர்ஷ்டசாலி. கதவைப் பார்த்து ஓடினா, தரையோட வாட்டமே தப்பு. ஸ்க்ரீன் தடுக்கறது தெறிக்கிற தண்ணியைத்தான், தரையில ஓடுற தண்ணியை இல்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு ரெண்டு இன்ச் உயரத்துக்கு ஒரு வரப்பு கட்டச் சொல்லுங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கேட்டுட்டு!

அடுத்து ராடு. டிரில்லே தேவைப்படாத ஸ்பிரிங் ராடு கிடைக்குது. திருகி நீளமாக்கி ரெண்டு சுவருக்கு நடுவே இறுக்கிட்டா நின்னுக்கும். ஓட்டை விழாததால அட்வான்ஸ் பணத்துக்கு ஆபத்தில்லை. பேச்சிலர் ரூமுக்கு இதுதான் சரி. ஆனா நேருக்கு நேர் ரெண்டு சுவர் வேணும், அதுவும் டைல்ஸ் ஒட்டின சுவரா இருக்கணும். சுண்ணாம்பு உதிர்ற சுவர்ல ரப்பர் முனை பிடிக்காது. பனியும் மழையும் மாறி மாறி ஊறுற மலை வீட்டுச் சுவர்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு 'டமால்'னு சத்தம் கேட்டா பேய் இல்லை, உங்க ராடுதான்.

சத்தத்தோட போனா பரவாயில்லை. வயசானவங்க இருக்கற வீட்டுல விஷயமே வேற. கால் வழுக்கினா கை எதையாவது பிடிக்கும். பாட்டி கைக்கு எட்டுறது அந்த ராடோ, ஸ்க்ரீனோதான். நனைஞ்ச துணியைத் தாங்கத்தான் அதைச் செஞ்சிருக்காங்க, ஆளைத் தாங்க இல்லை. ஸ்க்ரூ போட்டு இறுக்கின ராடுக்கும் இதே கதைதான். அதனால ஸ்க்ரீன் வாங்கற அன்னிக்கே ஒரு கைப்பிடிக் கம்பியும் வாங்கிடுங்க. தரையிலிருந்து சுமார் மூணடி உயரத்துல, கெட்டியான செங்கல் அல்லது கான்கிரீட் சுவர்ல மாட்டணும். மண் சாந்து வெச்சுக் கட்டின பழைய சுவர்னா நீங்களே ஹீரோ ஆகாதீங்க, கொத்தனார் வரட்டும்.

டைல்ஸ்ல ஓட்டை போடறதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு. குறி வெச்ச இடத்துல பேப்பர் டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டுங்க, பிட் வழுக்காது. டைல்ஸுக்கான பிட்டைப் போட்டு, ஹேமர் பட்டனை ஆஃப் பண்ணிட்டு மெதுவா ஆரம்பிக்கணும். டைல்ஸைத் தாண்டினப்புறம்தான் சுவருக்கான பிட், ஹேமர் எல்லாம். ஓரத்துல போட்டா டைல்ஸ் விரிசல் விடும். குழாய்க்கும் ஷவருக்கும் நேர் மேலே கீழே, சுவிட்சுக்கும் கீசருக்கும் நேர் கோட்டுல கையே வைக்காதீங்க. உள்ளே பைப்போ ஒயரோ போகும். பிளாஸ்டிக் பிளக் சொருகி, ஓட்டையில கொஞ்சம் சிலிகான் விட்டு, ஸ்க்ரூவை முறுக்கினா தண்ணி உள்ளே இறங்காது.

உயரக் கணக்கு சிம்பிள். கடையில சாதாரணமா கிடைக்கிறது 180 சென்டிமீட்டர் ஸ்க்ரீன். வளையத்துக்கு அஞ்சு, தரைக்கு மேல இடைவெளி அஞ்சு. ஆக, ராடு 190-ல. துரு பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா பார்த்து வாங்குங்க. முலாம் பூசின இரும்பு கொஞ்ச நாள்லயே பல்லிளிச்சிடும்.

எல்லாம் மாட்டி ஷவரைத் திறந்தா ஸ்க்ரீன் உள்பக்கமா வந்து உடம்புல ஒட்டும். கடுப்பாகாதீங்க, இதை ஆராய்ச்சி பண்ணி ஒருத்தர் பரிசே வாங்கியிருக்கார்! மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஷ்மிட், கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, ஷவர் தண்ணி காத்துல ஒரு சுழலை உண்டாக்குது, அதன் நடுவே அழுத்தம் குறையுதுன்னு சொன்னார். சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தர்ற இக் நோபல் 2001-ல அவருக்குக் கிடைச்சது. நம்ம ஊர் வைத்தியம்: கீழ் மடிப்புல செல்லாக் காசு நாலு வெச்சுத் தைச்சிடுங்க.

கடைசியா பூஞ்சை. ஏலக்காயையே வெயிலை நம்பாம ஸ்டோர்ல சூடு போட்டுக் காய வைக்கிற மலை இது. உங்க ஸ்க்ரீன் மட்டும் தானா காய்ஞ்சிடுமா? குளிச்சதும் ஓரமா ஒதுக்காம விரிச்சு விடுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க. அப்படியும் கறுப்புப் புள்ளி வந்தா சமையல் சோடா போட்டுத் தேய்ச்சு அலசலாம். அப்போ பன்னிரண்டு வளையத்தையும் கழட்டி மாட்டறது யார் முறைன்னு ரூம்ல சண்டை வரும். அதுக்கு நம்மகிட்ட டிப்ஸ் இல்லை பாஸ்!